இடிந்த வீட்டுக் கொங்கிரீட்டில் கிணற்றடித் தளம் போடும் முறை

2010 இல் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தபோது எங்கள் வளவில் மிஞ்சியிருந்தது கூரைத்தள உடைசல்கள்தான். பல வருடமாக வேலியோரம் கிடந்தன. அந்தக் கொங்கிரீட்டில் எங்கள் வீட்டு உழைப்பு இருக்கிறது, குப்பையாகக் கொட்ட மனம் வரவில்லை. போன வருடம் உடைத்துக் கிணற்றடித் தளம் போட்டேன். முதல் தளத்தில் ஒரு கிழமைக்குள் வெடிப்பு விழுந்தது. இரண்டாவது நன்றாக இருக்கிறது.

கல் பொறுக்குமுன் ஒன்று. கண்ணிவெடி அகற்றி முடியாத காணிக்குள், சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்ட பக்கம், போகவே வேண்டாம். சந்தேகமான இரும்பு கண்டால் தொடாமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற் துண்டுகளை உடைக்காமல் நனைத்து ஒதுக்குங்கள்.

நாலு இறாத்தல் சுத்தியலால் முக்கால் அங்குல அளவுக்கு உடையுங்கள். சிறிய வேலைக்கு மெஷினைவிடச் சுத்தியல்தான் எனக்குப் பிடிக்கும், செங்கல்லும் மரத்துண்டும் கையோடு கழிபடும். அரித்து விழும் தூளைக் கலவையில் சேர்க்காதீர்கள், மணல் புதிதாகவே இருக்கட்டும்.

இனித்தான் நான் பிழைவிட்ட இடம். உடைத்த கல் ஒன்றைத் தண்ணீர் வாளியில் போட்டுப் பாருங்கள். பொருபொருவென்று குமிழி வரும். கல்லில் ஒட்டியிருக்கும் பழைய சாந்து தண்ணீர் குடிக்கிறது. கருங்கல் சல்லி தன் எடையில் ஒரு வீதம்கூடக் குடிக்காது, இது மூன்று முதல் பத்து வீதம் வரை குடிக்கும். காய்ந்த கல்லைப் போட்டால் கலவைத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கலவை இறுகும், நாங்கள் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம், பலம் போய்விடும். நான் அப்படியே செய்தேன். ஆகவே முதல் நாளே பெரலில் ஊறப்போடுங்கள், 24 மணி நேரம். காலையில் வடித்துச் சாக்கில் பரப்புங்கள். கல் ஈரமாக இருக்கவேண்டும், மேலே பளபளப்பு இருக்கக்கூடாது. அந்தப் பதம் வந்ததும் கலக்குங்கள்.

அடுத்தது உமிச் சாம்பல். அரிசி ஆலை அடுப்பில் கிடைக்கும். சாம்பல் வெள்ளையாக இருப்பதை எடுங்கள். கறுப்பு என்றால் கரி மிச்சம், அதுவும் தண்ணீர் குடிக்கும். 700 பாகை செல்சியசுக்கு மேல் எரிந்தால் அதிலுள்ள சிலிக்கா படிகமாகிச் சீமெந்தோடு சரியாகச் சேராது. பழைய உரலில் இடித்துத் துணியில் அரியுங்கள், வாய் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். மாவரைக்கும் மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். நன்றாக அரைபட்ட சாம்பல், சீமெந்து விடும் சுண்ணாம்போடு சேர்ந்து கல்லைச் சுற்றியுள்ள நுண்துளைகளை அடைக்கும்.

என் அளவு: 45 கிலோ சீமெந்து, 5 கிலோ சாம்பல், 35 லீற்றர் பெட்டியால் இரண்டு பெட்டி மணல், நாலு பெட்டி கல். கல்லில் பாதி பழையது, பாதி புதியது. நார், அதாவது 12 மில்லிமீற்றர் நீளப் பொலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் இழை, 130 கிராம். சாம்பலையும் நாரையும் தராசில் நிறுங்கள், கண் மதிப்பு வேண்டாம். தென்னந்தும்பு மலிவுதான், ஆனால் சீமெந்தின் காரத்தில் நாளடைவில் இற்றுப்போகும். எப்போதும் ஈரமான கிணற்றடிக்கு அதை நான் போடமாட்டேன்.

மணலையும் கல்லையும் கலந்து, 25 லீற்றரில் பாதித் தண்ணீர் விடுங்கள். அப்புறம் சீமெந்தும் சாம்பலும். கல்லெல்லாம் சாந்து பூசிய பிறகு மீதித் தண்ணீர் (மணல் ஈரம் என்றால் குறைத்து). கடைசியில் நாரை உதிர்த்துத் தூவுங்கள், கொத்தாகப் போட்டால் உருண்டையாகிவிடும். அதிகாலையில் போடுங்கள், பத்து மணி வெயில் பொல்லாதது. நாலு அங்குலத் தடிப்பு போதும். ஈரச் சாக்கு 14 நாள் காயக்கூடாது. சாம்பல் சேர்ந்தது பலம் பிடிக்க நேரம் எடுக்கும்.

தூணுக்கும் கூரைத்தளத்துக்கும் இந்தக் கலவை வேண்டாம். அதற்குப் பொறியியலாளர் பார்த்துச் சொல்லவேண்டும்.

பின்சேர்க்கை: முல்லைத்தீவு அண்ணா ஒருவர், பழைய நைலோன் வலையை நாராக வெட்டிப் போடலாமா என்று கேட்டார். தளத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, முடிச்சுகளை நீக்கி, ஒரு அங்குலத் தனி இழைகளாக வெட்டுங்கள். முடிச்சோடு போட்டால் அந்த இடம் பொள்ளலாகும். கடற்கரை இடிபாட்டுக் கல்லிலும் உப்பு இருக்கும், கம்பி வரும் வேலைக்கு அதை எடுக்காதீர்கள் அண்ணா.