தனியாகப் பாய்மரப் படகில் போகிறவர்கள் கரையிலேயே செய்துவிடும் தவறுகள்

சிறிய பாய்மரப் படகில் தனியாகக் கடலில் இறங்குகிறவருக்கு ஒரு கை சுக்கானில் இருக்கும், மறு கை பாய்க்கயிற்றில் இருக்கும். தண்ணீர் குடிக்க, சிக்கிய கயிற்றை அவிழ்க்க, தொலைபேசியை எடுக்க என எதற்கும் இந்த இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும். இருவர் போகும்போது சிறு தொல்லையாகக் கழிந்துவிடும் ஒன்று, தனியாளைக் கவிழ்த்துவிடுவது இதனால்தான். கையில் வேலை குவியும் முன்பே, அதாவது கரையில் நிற்கும்போதே, எடுத்திருக்க வேண்டிய முடிவுகளைத் தள்ளிப்போட்டதிலிருந்துதான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

முதல் தவறு, புறப்படும் நேரத்துக் காற்றை நம்புவது. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. நண்பகலில் இதமாக வீசும் இந்தக் கடற்காற்று பிற்பகலில்தான் பெரும்பாலும் உச்சத்தைத் தொடும். பாயின் மேல் விழும் விசை காற்றின் வேகத்தைப் போலச் சீராக ஏறுவதில்லை, அதன் வர்க்கத்தைப் போல ஏறுகிறது. மணிக்கு 14 கிலோமீட்டர் வேகக் காற்று 20 ஆனாலே விசை இரட்டிப்பாகிவிடும், 28 ஆனால் நான்கு மடங்கு. கடலில் அங்கங்கே தெரிந்த வெண்நுரை பார்க்கும் இடமெல்லாம் தெரியத் தொடங்கினால், காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம்.

ஆகவே பாயைச் சுருக்கிக் கட்ட வேண்டுமா என்ற ஐயம் எழுந்தால், கரையிலேயே சுருக்கிவிடுங்கள். சுருக்கிய பாயைக் கடலில் விரிப்பது எளிது. துள்ளும் படகில், படபடக்கும் பாயை ஒற்றை ஆளாகச் சுருக்குவது மிகக் கடினம். இருவருக்காகக் கட்டப்பட்ட படகென்றால் இது இன்னும் முக்கியம். படகைச் சாயாமல் பிடித்து நிறுத்துவது விளிம்பில் அமர்ந்திருப்பவரின் எடை. அதில் பாதி கரையிலேயே நின்றுவிட்டது, பாயோ முழு அளவில் இருக்கிறது.

நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று இதைவிட ஏமாற்றுக்காரக் காற்று. கரையோர மரங்களும் கட்டடங்களும் அதை மறைத்துவிடும். அலை எழும்பத் தூரம் வேண்டும் என்பதால் கரையருகே நீர் கண்ணாடிபோலக் கிடக்கும். வெளியே போகப் போகக் காற்றும் அலையும் வலுக்கும். ஏதேனும் உடைந்தால் படகு இழுத்துச் செல்லப்படுவது நடுக்கடலுக்கு. அனுபவம் குறைந்தவர் இந்தக் காற்றில் தனியாகப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காற்றின் போக்கிலேயே முதலில் நெடுந்தூரம் ஓடிவிடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. காற்று 25 கிலோமீட்டர் வேகத்தில் வீச, படகு அதே திசையில் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், உங்கள் மேல் படுவது 17 மட்டும்தான். வெயிலும் மென்காற்றுமாக எல்லாம் சுகமாக இருக்கும். திரும்பி எதிர்க்காற்றில் ஏறத் தொடங்கியதும் அதே காற்று 31 அளவுக்கு உணரப்படும், விசை மூன்று மடங்குக்கும் மேல். கையும் தொடையும் சோர்ந்த நேரத்தில்தான் இந்தக் கடினமான பாதி வந்து சேரும். முதலில் எதிர்க்காற்றில் ஏறுங்கள், களைத்த பிறகு காற்று உங்களைக் கொண்டுவரட்டும். நீரோட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு எதிராக நீர் ஓடும் இடங்களில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்.

பாய்க்கயிற்றைக் கிளீட்டில், அதாவது கயிற்றை இறுகப் பிடித்துவைக்கும் கொக்கியில், மாட்டிவிட்டு ஓய்வெடுக்கக் கூடாது. காற்று திடீரென வலுத்து வீசும் நொடியில் அதைத் தளர்த்தக் கை தயாராக இருக்க வேண்டும். பின்காற்றில் பாயை மறுபக்கம் மாற்றும்போது, பாயின் அடித்தண்டு முழு விசையோடு தலைக்கு மேல் அடித்துப் பாயும். காற்று வலுத்திருந்தால் அந்தத் திருப்பத்தையே தவிர்க்கலாம். முகப்பைக் காற்றுக்குள் கொண்டுபோய்ச் சுற்றித் திரும்பினால் சற்று நேரம் போகும், தலை தப்பும்.

கவிழ்ந்தபின் செய்யும் தவறுகள்தான் உயிரை வாங்குகின்றன. கரை பக்கமாகத் தெரிகிறதே என்று நீந்தத் தொடங்குவது அவற்றில் மிகக் கொடியது. நீரில் ஒரு தலை யார் கண்ணுக்கும் தெரியாது, கவிழ்ந்த படகு தெரியும். படகைப் பற்றிக்கொண்டிருங்கள். நீர் குளிராக இருந்தால் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு தாறுமாறாக இழுக்கும். அது அடங்கும்வரை மிதந்தபடி இருந்தாலே போதும். பிறகு பாய்க்கயிற்றை முழுவதும் தளர்த்திவிட்டு, முகப்பைக் காற்றுப் பக்கம் திருப்பி, படகின் அடியிலிருந்து நீட்டியிருக்கும் நடுப்பலகையின் மேல் எடையைப் போட்டு நிமிர்த்த வேண்டும். கயிற்றைத் தளர்த்தாமல் நிமிர்த்தினால், எழுந்த வேகத்தில் பாய் காற்றைப் பிடித்து மீண்டும் கவிழும், அல்லது உங்களை விட்டுவிட்டு ஓடிவிடும். நிமிர்த்துவது பாதி வேலைதான். ஈர உடையோடு, உதவிக்கு ஆளின்றி விளிம்பைத் தாண்டி உள்ளே ஏற முடியுமா என்பதை அமைதியான, ஆழம் குறைந்த நீரில் முன்னதாகவே பலமுறை பழகிப் பார்த்தவர் மட்டுமே தனியாகப் போகலாம்.

உயிர்காப்பு மேலங்கியைப் படகில் வைத்திருப்பதால் பயனில்லை, உடலில் இருக்க வேண்டும். மேலங்கியின் மிதக்கவைக்கும் விசையை நியூட்டனில் குறிப்பார்கள். 50 நியூட்டன் வகை நீந்தத் தெரிந்து, விழிப்போடு இருப்பவருக்கான துணை மட்டுமே. மயங்கியவரை முகம் மேலாகத் திருப்ப 150 நியூட்டன் வகை வடிவமைக்கப்பட்டது. நீர்புகா உறையிட்ட தொலைபேசியும் கடலில் பேசப் பயன்படும் கையடக்க வானொலிக் கருவியும் அப்படியே, படகில் அல்ல, உங்கள் மேல். வானொலியில் அவசர அழைப்புக்கான அலைவரிசை 16.

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அந்த நேரம் கடந்தால் யாரை அழைக்க வேண்டும் என்ற மூன்றையும் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மாலையில் கடற்காற்று ஓய்ந்து படகு நடுவழியில் நின்றுவிடலாம் என்பதால், இருட்டுவதற்கு நன்கு முன்னதாகவே அந்த நேரத்தை வையுங்கள். கரை சேர்ந்ததும், படகை இழுத்து வைக்கும் முன்பே அவருக்குத் தகவல் சொல்லுங்கள். மறந்தால், கரையில் இருக்கும் உங்களைத் தேடி மீட்புப் படகு கடலுக்குப் போகும், அந்த நேரத்தில் வேறொருவருக்கு அது தேவைப்படலாம்.