திட்டில் ஏறிய படகை இறக்குவது எப்படி

பழவேற்காடு ஏரியிலும் முகத்துவாரத்திலும் இருபத்தாறு வருடமாக ஃபைபர் படகு ஓட்டுகிறேன். மணலில் ஏறாத படகு இங்கே கிடையாது. ஏரியின் சராசரி ஆழமே சுமார் ஒரு மீட்டர்தான். முகத்துவாரத்திலோ போன வாரம் ஓடின வழி இந்த வாரம் திட்டாகக் கிடக்கும். அதனால் ஏறிவிட்டதே என்று பதறாதீர்கள். ஏறின அடுத்த நொடியில் கை எஞ்சின் பிடியை முறுக்கும் பாருங்கள், படகைப் புதைப்பது அதுதான்.

அடியில் உரசுகிற சத்தம் கேட்டதுமே எஞ்சினை நிறுத்தித் தூக்கி விடுங்கள். ஓடவிட்டால் குளிர்விக்க இழுக்கிற தண்ணீரோடு மணலும் போய், பம்புக்குள் இருக்கும் ரப்பர் இறக்கையைத் தின்றுவிடும். அப்புறம் உள்பலகையைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊறினால் படகு இப்போதைக்குத் திட்டிலேயே இருக்கட்டும். ஓட்டையை அடைத்து, உள்ளே இருப்பதை இறைத்த பிறகுதான் மற்றது.

அடுத்து, தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா? இதைக் கரையை விடும்போதே தெரிந்து வைத்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஒரு கம்பைக் குத்தி, தண்ணீர் தொடும் இடத்தில் நூல் கட்டிப் பாருங்கள். வற்றுகிறது என்றால் ஒவ்வொரு நிமிடமும் போச்சு, உடனே இறங்கித் தள்ள வேண்டும். ஏறுகிறது என்றால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். நங்கூரம் இல்லாவிட்டால் ஏறுகிற தண்ணீரே படகை இன்னும் மேட்டுக்குக் கொண்டுபோகும்.

திதியையும் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர் வித்தியாசம் வரும். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிகூட இராது. அஷ்டமியில் ஏறின படகைப் பற்றிக் கவலையே வேண்டாம், அடுத்தடுத்த நாள் தண்ணீர் கூடிக்கொண்டே வரும். பௌர்ணமி ஏற்றத்தின் உச்சியில் ஏறினதுதான் கெட்டது. 2009இல் மாசி மகத்துக்கு இரண்டாம் நாள் எங்கள் படகு அப்படி ஏறியது. முதல் நாள் பன்னிரண்டு பேர் தள்ளியும் அசையவில்லை. மறுநாள் தண்ணீர் ஒரு விரல் குறைந்தது, அதற்கு மறுநாள் இன்னும் குறைந்தது. அமாவாசை வரைக்கும் நானும் அப்பாவும் மாறிமாறிப் படகிலேயே படுத்துக் காவல் காத்தோம். ஏரியில் உள்ளே போகப் போக ஏற்ற வற்றம் மங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே ஆள் பலம்தான்.

இறக்க வேண்டிய திசை, வந்த திசை. பின்னால் ஆழம் இருந்ததால்தானே இதுவரை மிதந்து வந்தீர்கள்! எதிரே ஆழம் தெரிகிறது என்று திட்டைத் தாண்டப் பார்க்காதீர்கள். வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய் கேன் எல்லாவற்றையும் வேறு படகுக்கு மாற்றுங்கள். இறங்குகிறவர்கள் செருப்போடு இறங்கி, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடக்க வேண்டும். திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும், மிதித்தால் முள்ளால் அடிக்கும்.

ஏரிச் சேற்றில் படகு உட்கார்ந்தால் நேராக இழுத்துப் பிரயோசனம் இல்லை. சேறு அடியை உறிஞ்சிப் பிடித்திருக்கும். இரண்டு பேர் இந்த விளிம்பு, இரண்டு பேர் அந்த விளிம்பு என்று மாறிமாறி அழுத்தி ஆட்டுங்கள். பொளக்கென்று ஒரு சத்தம் வரும், குமிழி விடும். தண்ணீர் அடியில் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது இழுங்கள்.

மணலில் என்றால் நங்கூரம்தான் கை. அதை ஆழத்துக்கு எடுத்துப்போய்ப் போடுங்கள். கயிறு ஆழத்தைப்போல் ஐந்தாறு மடங்கு நீளம் இருக்கட்டும், குட்டைக் கயிறு நங்கூரத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டுக் காத்திருங்கள். அலை வந்து படகைத் தூக்கும் அந்த ஒரு கணத்தில் இழுத்து, கிடைத்த சாணை விடாமல் சுற்றிக் கட்டுங்கள். அன்று அமாவாசை விடியலில் பின்னால் ஒரு வாய்க்கால் வெட்டி, இப்படிச் சாண் சாணாகத்தான் எங்கள் படகை இறக்கினோம். வேறு படகை வைத்து இழுத்தால் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். நைலான் கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வந்து அடிக்கும், அதன் நேரே யாரும் நிற்கக் கூடாது.

முகத்துவாரத்தில் அலை உடைகிற இடமானால் அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, கடல் பக்கம் திருப்பி நங்கூரம் போடுங்கள். குறுக்காகக் கிடந்தால் இரண்டு அலையில் நிரம்பிவிடும். படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்கவே நிற்காதீர்கள். அலை படகைத் தூக்கி உங்கள் மேல் போடும். ஆள் ஏற்றிப் போனவர்கள் என்றால், எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்க விடாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். உயிர்காப்பு உடை மாட்டியிருக்கிறார்களா என்று ஒவ்வொருவராகப் பாருங்கள், கை மீறுகிறது என்று தோன்றினால் கடலோரக் காவல்படைக்கு 1554இல் பேசுங்கள்.

மிதந்ததும் எஞ்சினைப் போட்டு, குளிர்வித்த தண்ணீர் அதன் பக்கவாட்டில் பீச்சுகிறதா என்று பாருங்கள். பீச்சவில்லை என்றால் அணைத்துவிட்டு, கம்பால் ஊன்றியே கரைக்கு வாருங்கள். கரையில் படகைச் சாய்த்து, அடியில் மயிர்க்கோடு விரிசல் இருக்கிறதா என்று ஈரம் காய்ந்த பிறகு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஈரத்தில் தெரியாது.