ஷட்டரிங் பிளைவுட்: கெடுவது ஓரத்திலிருந்து

பிலிம் பூசிய பிளைவுட் வாங்கப் போகிறவர் பலகையின் மேல்முகத்தைத் தடவிப் பார்ப்பார், நிறத்தைப் பார்ப்பார், விலை பேசுவார். குனிந்து ஓரத்தைப் பார்ப்பவர் குறைவு. ஆனால் சென்ட்ரிங் வேலையில், அதாவது கான்கிரீட் ஊற்ற அச்சுக் கட்டும் வேலையில், இந்தப் பலகை கெடுவது பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான்.

மேலே பளபளக்கும் படலம் பீனாலிக் பிசினில் ஊறிய காகிதம். சூட்டிலும் அழுத்தத்திலும் மரத்தோடு ஒட்டப்பட்டது. சதுர மீட்டருக்கு 120 கிராம் என்பது வழக்கமான கனம், 220 கிராமிலும் கிடைக்கும். அதைத் தாண்டித் தண்ணீர் சுலபத்தில் இறங்காது. ஓரத்தில் அந்தக் காப்பு கிடையாது. அங்கே மர இழைகள் வாய் திறந்து கிடக்கின்றன, தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. அடுத்த வார்ப்பில் அந்த உப்பல் கான்கிரீட்டில் கோடாக விழுந்துவிடும். தொழிற்சாலையில் ஓரத்துக்கும் பெயின்ட் அடித்துத்தான் அனுப்புகிறார்கள். நாம் ரம்பம் வைத்ததும் அந்தப் பக்கம் காப்பில்லாத வெறும் மரமாகிவிடுகிறது. வெட்டிய கையோடு தூசியைத் துடைத்து, நீர் புகாத அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கோட் அடிக்க வேண்டும். கம்பி நுழைக்கத் துளை போட்டால் துளையின் உள்பக்கமும் ஓரம்தான், அதற்கும் பெயின்ட் வேண்டும். "நாளைக்கு அடிச்சுக்கலாம்" என்று விட்ட பலகையில் இரவு மழை பெய்தால், மறுநாள் அடிக்கும் பெயின்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும்.

நிறத்தை வைத்துத் தரத்தை எடைபோடுவது இன்னொரு தவறு. பழுப்பானாலும் கறுப்பானாலும் அது படலத்தின் நிறம் மட்டுமே. பலகையின் ஆயுள் உள்ளே இருக்கும் பசையில்தான் இருக்கிறது. பீனால் பார்மால்டிஹைடு பசை கொதிநீரையும் தாங்கும். மெலமைன் அதற்கு அடுத்த நிலை. யூரியா பசை சென்ட்ரிங்குக்கு ஆகவே ஆகாது. 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையில் தேறிய பலகையா என்று விற்பவரிடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துண்டைச் சில மணி நேரம் கொதிக்கவிட்டு, உளியால் நெம்பிப் பாருங்கள். அடுக்கடுக்காகப் பிரிந்து வந்தால் மொத்தமாக வாங்க வேண்டாம். சமையல் பாத்திரத்தில் மட்டும் கொதிக்கவிடாதீர்கள்.

அடுத்தது, காசு மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரிய நஷ்டம் வரும் இடம். 18 மில்லிமீட்டருக்குப் பதில் 12 போட்டால் வலு மூன்றில் ஒரு பங்குதானே குறையும் என்று தோன்றும். வளைவு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. விறைப்பு கனத்தின் மும்மடியை (கனம் × கனம் × கனம்) பொறுத்தது. 12 மில்லிமீட்டர் பலகை அதே சுமையில் மூன்று மடங்குக்கும் மேல் வளையும். பலகையைத் தாங்கும் சட்டங்களுக்கு நடுவில் உள்ள தூரம் இன்னும் மோசம்: 30 சென்டிமீட்டரை 40 ஆக்கினால் அதுவும் வளைவை மூன்று மடங்கு தாண்டவைக்கும். தளத்திலாவது மேலே பூசிச் சமாளிக்கலாம். சுவரிலும் தூணிலும் அழுத்தம் பக்கவாட்டில் வருகிறது. ஈரக் கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2400 கிலோ. 3 மீட்டர் உயரத்துக்கு ஒரே மூச்சில் ஊற்றினால் அடிப்பகுதியில் சதுர மீட்டருக்கு 7 டன் வரை தள்ளும். பலகை வயிறு தள்ளுவதும், இணைப்பு பிளந்து சிமென்ட் பால் ஒழுகுவதும், பிரித்துப் பார்த்தால் ஜல்லி தெரிவதும் இப்படித்தான். சுவருக்கும் தூணுக்கும் சட்ட இடைவெளியைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள், பொறியாளரிடம் கணக்குக் கேளுங்கள். பலகையை வைக்கும் திசையும் முக்கியம். முகத்து இழை சட்டங்களுக்குக் குறுக்கே ஓட வேண்டும். சட்டத்தோடு சேர்ந்து நீளவாக்கில் ஓடினால் அதே பலகை கூடுதலாக வளையும். வேஸ்ட் ஆகிறதே என்று துண்டுகளைத் திருப்பிப் போடும்போது இது மறந்துபோகிறது.

கான்கிரீட் ஒட்டாமலிருக்கப் பலகையில் தடவும் ஷட்டரிங் ஆயிலை மெல்லிசாகப் பூசினாலே போதும். தேங்கி நின்றால் கான்கிரீட்டில் கறை விழும். பழைய இன்ஜின் ஆயில் கூடவே கூடாது, பின்னால் பூசும் பூச்சும் பெயின்டும் அதன்மேல் ஒழுங்காகப் பிடிக்காது.

பிரிக்கும்போது கடப்பாரையை ஓரத்தில் கொடுத்து நெம்பினால், பெயின்ட் அடித்துக் காத்த ஓரம் அங்கேயே நொறுங்கும். மர ஆப்பு போதும். உயரத்திலிருந்து பலகையை மூலைபடக் கீழே போடாதீர்கள். ஒட்டிய சிமென்டை அன்றைக்கே பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டுங்கள். இரும்பு பிரஷ் படலத்தையே கீறிவிடும். அப்புறம் சுவரில் சாய்த்து வைக்காமல், தரையில் கட்டைகள் போட்டு அதன்மேல் படுக்கையாக அடுக்கி, காற்றுப் போகும்படி மூடிவையுங்கள்.

ஓரம் லேசாக உப்பிவிட்டால் உடனே தூக்கி எறிய வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, உப்பிய இரண்டு மூன்று சென்டிமீட்டரை அறுத்தெடுத்து, புது ஓரத்துக்குப் பெயின்ட் அடித்தால் சின்ன அளவில் இன்னும் சில வார்ப்புகளுக்கு வரும்.