மேடைய விட்டு இறங்கினப்புறம் அவர் எப்படிப்பட்ட மனுஷன்? கண்டுபிடிக்க நான் வச்சிருக்கிற வழி

குயின்ங்கிற பிரிட்டிஷ் ராக் பேண்டோட பாடகர் ஃப்ரெடி மெர்குரி நல்ல மனுஷனா இல்லையான்னு யாராவது கேட்டா உடனே ரெண்டு கட்சி ஆயிடும். ஒரு பக்கம் "தங்கமான மனுஷன்யா, பூனைக்கே பாட்டு எழுதினவரு"ம்பாங்க, இன்னொரு பக்கம் "பார்ட்டி, போதை, எல்லாரையும் ஏமாத்துனவரு"ம்பாங்க, ரெண்டு கட்சியுமே எங்கயோ கேட்டத திருப்பி சொல்றதுதான். நான் குயின் பாட்டு பல வருஷமா கேக்குறவன். ஒரு குரல் நம்ம மனசுல இவ்ளோ இடம் புடிச்சப்புறம் அந்தக் குரலுக்கு சொந்தக்காரர் வீட்டுக்குள்ள கூட இருந்தவங்கள எப்படி வச்சிருந்தாருன்னு தெரியாம இருக்க எனக்கு முடியல. அப்படி தேடித் தேடி ஒரு முறை எனக்கு பிடிபட்டுச்சு, அத இங்க சொல்றேன், உங்களுக்குப் பிடிச்ச எந்தப் பாடகருக்கும் இதையே போட்டுப் பாக்கலாம்.

மொதல்ல ஒரு பேப்பர் எடுங்க. "நல்லவரா"ங்கிற கேள்விய தூக்கி ஓரமா வச்சுட்டு "யாருக்கு நல்லவர்"னு எழுதுங்க, அதுக்குக் கீழ பேரு பேரா போடுங்க. ஃப்ரெடிக்கு நான் போட்டது: முன்னாள் காதலி மேரி ஆஸ்டின், கடைசி வருஷங்கள்ல துணையா இருந்த ஜிம் ஹட்டன், சமையல் பாத்துக்கிட்ட ஜோ ஃபனெல்லி, உதவியாளர் பீட்டர் ஃப்ரீஸ்டோன், கார் ஓட்டுனவரு, பேண்ட்ல மத்த மூணு பேரு, அப்பா அம்மா தங்கச்சி, கடைசியா முன்னப்பின்ன தெரியாத ஜனங்க. இப்படி பிரிக்கலன்னா எல்லாம் குழம்பிடும். பீட்டில்ஸ் பேண்ட்ல பாடின ஜான் லெனன எடுத்துக்கோங்க, உலகத்துக்கே சமாதானம் பாடினவரு, ஆனா மூத்த பையன் ஜூலியன் தனக்கு அப்பா கிடைக்கலன்னு பெரியவனானப்புறம் வெளிப்படையா வருத்தப்பட்டு பேசியிருக்காரு. அந்த ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து ஒரு மார்க் போட முடியாது.

அடுத்து, என் அனுபவத்துல இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், சம்பளம் வாங்கிட்டு கூட இருந்தவங்கள பாருங்க. சக பிரபலங்கள் சொல்ற பாராட்ட விட்டுடுங்க, அவங்க கிட்ட யாரும் கோவத்த காட்ட மாட்டாங்க. சமைச்சவரு, துணி எடுத்து வச்சவரு, கார் ஓட்டுனவரு, இவங்க முன்னாடிதான் ஒருத்தர் நடிக்காம இருப்பாரு. பீட்டர் ஃப்ரீஸ்டோன் லண்டன்ல ராயல் ஆப்பரா ஹவுஸ்ல உடை பாத்துக்குற வேலையில இருந்தவரு, 1979ல ராயல் பாலே டான்சர்களோட ஃப்ரெடி ஒரு தர்ம நிகழ்ச்சியில ஆடுனப்பதான் அறிமுகம், அப்புறம் குயின் டூர்ல துணிமணி பாக்க வந்தவரு அப்படியே ஃப்ரெடியோட சொந்த உதவியாளரா மாறி 1991ல அவர் சாகுற வரைக்கும் கூடவே இருந்தாரு. பன்னெண்டு வருஷம். கடைசி மாசங்கள்ல ராத்திரி பகலா பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டவங்கள்ல இவரும் ஒருத்தர். இங்க ரெண்டு விஷயம் கவனிக்கணும்: எத்தன வருஷம் இருந்தாங்க, சம்பளம் குடுக்க ஆள் இல்லாம போனப்புறமும் அதையே சொல்றாங்களா. ஃப்ரீஸ்டோன் முப்பது வருஷம் கழிச்சும் அதே பாசத்தோடதான் பேசுறாரு. வருஷத்துக்கு நாலு உதவியாளர் மாறுற பாடகர்னா அது வேற கதை, அத தனியா குறிச்சு வச்சுக்கோங்க.

அப்புறம் பிரிஞ்சு போன காதல். ஒருத்தரோட குணம் சேர்றப்ப தெரியாது, பிரியுறப்பதான் தெரியும். மேரி ஆஸ்டினும் ஃப்ரெடியும் எழுபதுகள்ல ஆறு வருஷம் போல சேர்ந்து வாழ்ந்தாங்க, தனக்கு ஆண்கள் மேல ஈர்ப்பு இருக்குன்னு அவர் சொன்னதோட அந்த உறவு முடிஞ்சுது. இத நான் அழகாக்கிச் சொல்லப் போறதில்ல, அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ வலிச்சிருக்கும். ஆனா அதுக்கப்புறமும் கடைசி வரைக்கும் அவர் வாழ்க்கையில ரொம்ப நெருக்கமா இருந்தது மேரிதான். ஜோ ஃபனெல்லியும் முன்னாடி காதலரா இருந்து பிரிஞ்சவருதான், அவரே திரும்பி வந்து கென்சிங்டன்ல கார்டன் லாட்ஜ் வீட்டுல சமையல் பாத்துக்கிட்டு அங்கயே இருந்தாரு. பிரிஞ்சவங்க திரும்பி வந்து அதே கூரைக்குக் கீழ இருக்காங்கன்னா அந்த வீட்டுக்காரர்கிட்ட ஏதோ ஒரு நல்லது இருந்திருக்கணும்னு நான் நம்புறேன்.

பணம் பத்தி பாக்கணும்னா உயிலப் பாருங்க. இங்கிலாந்துல ஒருத்தர் இறந்து கோர்ட்டு ஒப்புதல் ஆனப்புறம் அவரோட உயில் பொது ஆவணம், யார் வேணா நகல் வாங்கலாம், அதனால இது வதந்தி இல்ல, கையெழுத்து போட்ட காகிதம். ஃப்ரெடி வீட்டையும் சொத்துல பெரிய பங்கையும் மேரிக்கு எழுதினாரு, அப்பா அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் பங்கு வச்சாரு. ஹட்டன், ஃபனெல்லி, ஃப்ரீஸ்டோன் மூணு பேருக்கும் ஆளுக்கு 5 லட்சம் பவுண்ட், கார் ஓட்டுனவருக்கு 1 லட்சம் பவுண்ட். 1991ல அது சாதாரணப் பணம் இல்ல. காரோட்டிய உயில்ல ஞாபகம் வச்சிருந்தாருங்கிற அந்த ஒரு வரி, எனக்கு நூறு பேட்டிய விட அதிகமா பேசுது.

ஆனா இதே உயில்லதான் ஒரு முள்ளும் இருக்கு. கடைசி ஆறு வருஷம் அந்த வீட்டுலயே துணையா வாழ்ந்தது ஹட்டன், வீடு போனது மேரிக்கு, ஃப்ரெடி போனப்புறம் ஹட்டன் அங்கேருந்து கிளம்ப வேண்டியதாச்சு. அந்த வருத்தத்த அவர் மறைக்கல. பேப்பர்ல இதையும் எழுதணும், எழுதலன்னா நாம தேடல, வக்காலத்து வாங்குறோம்.

இப்ப கதைகள சலிக்கிற வேலை. ஒவ்வொரு கதைக்கும் மூணு கேள்வி போதும்: சொல்றவரு நேர்ல இருந்தாரா, எப்ப சொன்னாரு, சொன்னதால அவருக்கு என்ன கிடைச்சுது. ஒரு உதாரணம் கிட்டப் போய் பாப்போம். 1977, லண்டன்ல வெஸ்ஸெக்ஸ் ஸ்டூடியோ, ஒரு பக்கம் குயின், இன்னொரு பக்கம் செக்ஸ் பிஸ்டல்ஸ்ங்கிற பங்க் ராக் பேண்ட். அதுல இருந்த சிட் விஷியஸ் உள்ள வந்து, பாலேவ ஜனங்ககிட்ட கொண்டு சேத்துட்டியான்னு நக்கலா கேக்குறாரு, ஃப்ரெடி அவர் பேர வேணும்னே மாத்தி "சைமன் ஃபெரோஷியஸ்"னு கூப்ட்டு திருப்பி குடுக்குறாரு. பேர மாத்திக் கூப்ட்டத ஃப்ரெடியே பேட்டியில சொல்லியிருக்காரு. அப்புறம் கதை வளருது பாருங்க, ஒரு வடிவத்துல சட்டக் காலர புடிச்சு வெளிய தள்ளுறாரு, இன்னொண்ணுல சட்டையில இருந்த ஊக்க சுண்டி விளையாடுறாரு. நடுவுல இருக்குற கரு எல்லா வடிவத்துலயும் ஒண்ணா இருந்தா அத வச்சுக்கோங்க, மேல ஒட்டுன மசாலாவ விட்டுடுங்க. கருவுலேருந்து தெரியுறது என்ன, சீண்டுனா வாயால திருப்பி அடிக்கிறவரு, அவ்ளோதான், அதுல நல்லவரும் இல்ல கெட்டவரும் இல்ல.

காசு வாங்கிட்டு சொன்னது எல்லாம் பொய்னு தள்ளிடாதீங்க, நானே இந்தத் தப்ப பண்ணிருக்கேன். பால் ப்ரெண்டர் ஃப்ரெடியோட சொந்த மேனேஜரா இருந்து, வேலைய விட்டு அனுப்பப்பட்டப்புறம் 1987ல அவர் அந்தரங்கத்த தி சன் பத்திரிகைக்கு வித்தாரு. எனக்கு அத நினைச்சா இன்னிக்கும் கோவம் வரும், எய்ட்ஸ் நோய் வந்த நேரம் வேற. ஆனா நோக்கம் கெட்டதா இருக்குறது வேற, தகவல் பொய்யா இருக்குறது வேற, ஒவ்வொரு தகவலுக்கும் வேற இடத்துல ஆதாரம் இருக்கான்னு பாத்துட்டுதான் ஏத்துக்கணும், தள்ளணும்.

நம்பலாம்ங்கிற சாட்சிக்கு ஒரு அடையாளம் சொல்றேன்: பாசமா இருக்குறவரே குறையையும் சொல்லுவாரு. ஹட்டன் 1994ல எழுதின புத்தகத்துல ஆரம்பத்துல நடந்த சண்ட, பொறாமை, ஃப்ரெடி வேற ஆளோட போனது எல்லாம் வருது. அதே புத்தகத்துலதான் 1987ல நோய் உறுதியானப்ப ஃப்ரெடி அவர உக்கார வச்சு விஷயத்த சொல்லி, நீ பெட்டியக் கட்டிட்டு கிளம்புனா நான் புரிஞ்சுக்குவேன்ங்கிற மாதிரி சொன்னதும், இவர் எங்கயும் போகலன்னு சொன்னதும் வருது. சண்டைய மறைக்காதவரு சொல்றதால இந்த இடத்தயும் நான் நம்புறேன். பயந்து போயிருக்குற ஒரு ஆளு, தனியா சாகப் போறோமோங்கிற நிலையில, கூட இருக்குறவனுக்கு கதவத் திறந்து விடுறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம், தன்னையே காட்டிக் குடுக்குற வாக்குமூலத்துக்கு எடை ரொம்ப அதிகம். லெனன் 1980ல குடுத்த பேட்டியில தான் இளவயசுல பெண்கள அடிச்சவன்னு தானே ஒத்துக்கிட்டாரு. 1963ல ஒரு பிறந்தநாள் பார்ட்டியில லிவர்பூல்ல டிஜேவா இருந்த பாப் வூலர அடிச்சு நொறுக்கினதும் நடந்ததுதான், மன்னிப்பு கேட்டு 200 பவுண்ட் குடுத்து முடிச்சாங்க. லெனன் ரசிகர்கள் இத எடுத்தா கோவப்படுறாங்க, அவரே ஒத்துக்கிட்டத நாம ஏன் மறுக்கணும்?

சினிமாவ ஆதாரமா எடுக்கவே எடுக்காதீங்க. 2018ல வந்த பொஹீமியன் ராப்சடி படத்த பாத்துட்டு ஃப்ரெடி தனி ஆல்பத்துக்காக பேண்ட உடச்சுட்டு போனாருன்னு நிறைய பேரு நம்புறாங்க. அதே பேண்ட்ல இருந்த ரோஜர் டெய்லர் 1981லயே தனி ஆல்பம் போட்டாச்சு, பிரையன் மே 1983ல ஒரு மினி ஆல்பம் போட்டாச்சு. படத்துல லைவ் எய்டுங்கிற பெரிய தர்ம கச்சேரிக்கு முன்னாடி வருஷக்கணக்கா சேர்ந்து வாசிக்காத மாதிரி வரும், நிஜத்துல 1985 மே மாசம் வரைக்கும் சேர்ந்து டூர்லதான் இருந்தாங்க, லைவ் எய்டு ஜூலை 13. கதைக்கு ஒரு துரோகம் தேவைப்பட்டுச்சு, செத்துப்போனவரு தலையில வச்சாங்க. அந்தப் படத்துல பிரையனும் ரோஜரும் பங்கெடுத்திருக்காங்கங்கிறதுதான் எனக்கு ஆறவே இல்ல.

பெரிய குத்தச்சாட்டு எதுவோ அத கடைசியில தனியா எடுத்து முழுசா படிங்க. ஃப்ரெடிக்கு அது சன் சிட்டிங்கிற உல்லாச விடுதியில நடந்த கச்சேரி. 1984 அக்டோபர்ல, தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சி நடக்குறப்ப, கலைஞர்கள் யாரும் போகாதீங்கன்னு ஐநா சொல்லியும் குயின் போய் வாசிச்சாங்க. பிரிட்டன்ல இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டுச்சு, ஐநா பட்டியல்லயும் பேரு ஏறுச்சு. எங்களுக்கு அரசியல் இல்ல, யாரு கேக்க வந்தாலும் வாசிப்போம்னு அவங்க சொன்னாங்க. நாலு பேரு சேர்ந்து எடுத்த முடிவு, அதுல ஃப்ரெடிக்கு கால் பங்கு, ஆனா அந்தக் கால் பங்கு தப்புதான். கறுப்பின மக்கள் ஓட்டு கூட போட முடியாத நாட்டுல கூப்ட்ட இடத்துக்கு போயிருக்கக் கூடாது. மத்த நல்ல விஷயத்த வச்சு இத கழிக்க முயற்சி பண்ணாதீங்க, இது "முன்னப்பின்ன தெரியாத ஜனங்க"ங்கிற வரிக்கு நேரா உக்காரட்டும்.

நோய மறைச்சாருங்கிற குத்தச்சாட்ட மட்டும் நான் ஏத்துக்கல. 1991 நவம்பர் 23 அறிக்கை வந்துச்சு, அடுத்த நாளே போயிட்டாரு, முன்னாடியே சொல்லியிருந்தா எத்தன பேருக்கு தைரியம் வந்திருக்கும்னு கேக்குறாங்க. நியாயமான ஆதங்கம். ஆனா சுத்தி இருக்குறவங்க அந்தரங்கத்தக் காப்பாத்தத்தான் வெளிய சொல்லலன்னு அந்த அறிக்கையிலயே இருக்கு, அப்ப இருந்த பத்திரிகைகள் எப்படின்னு 1987லயே பாத்தாச்சு.

அப்புறம் தைரியத்தையும் நல்ல குணத்தையும் போட்டு குழப்பிக்காதீங்க. 1991ல நிக்கக்கூட முடியாத நிலையில பாடி ரெக்கார்ட் பண்ணாரு, அத கேட்டா எனக்கு இன்னும் தொண்ட அடைக்கும், ஆனா அது உழைப்பு, வைராக்கியம், அந்தப் பேப்பர்ல அதுக்கு இடம் இல்ல.

என் பேப்பர்ல இப்ப இருக்குறது இதுதான்: வீட்டுல இருந்தவங்களுக்கு ரொம்ப நல்லவர், காதலர்களுக்கு ஆரம்பத்துல கஷ்டம் குடுத்தவர், கடைசியில கைவிடாதவர், சன் சிட்டிக்கு வெளிய நின்னவங்களுக்கு தப்பு பண்ணவர். ஹட்டன் பேருக்கு நேரா மட்டும் ரெண்டு தடவ எழுதி அடிச்சுட்டு பாதி எடத்த காலியா விட்டிருக்கேன், அந்த வீட்டு விஷயம் எனக்கு இன்னும் முடியல.