மந்திரவாதிக்குக் கவசம் போடுவதற்கு முன்

வெள்ளவத்தையில் ஒரு நண்பரின் தொடர்மாடி வீட்டில், போயா விடுமுறை நாட்களில் நாங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டும் மேசை விளையாட்டு இது. கட்டம் போட்ட கணக்குக் கொப்பிதான் வரைபடம், கரம் காய்கள்தான் ஆட்கள். புதிதாக வந்து சேருகிறவர்களில் பலர் மந்திரவாதியைத்தான் கேட்டு எடுப்பார்கள். இரண்டாவது சண்டையில் அடி விழுந்ததும் அவர்கள் கேட்பதும் ஒன்றுதான்: "இவருக்கு ஒரு கவசம் போட்டுவிட்டால் என்ன?"

போடலாம். ஆனால் பிழையாகப் போட்டு, ஆசையாக உருவாக்கிய பாத்திரத்தைப் பறிகொடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

மோசமான பிழை, பயிற்சி இல்லாத கவசத்தை மாட்டுவது. ஒரு போயா அன்று கதையை நடத்தியது நான். எங்களோடு விளையாடும் தம்பி ஒருவர், செத்துக்கிடந்த காவலாளியின் சங்கிலிக் கவசத்தைக் கழற்றித் தன் மந்திரவாதிக்குப் போட்டுக்கொண்டார். அடுத்த அறையில் ஐந்து கொப்ளின்கள், குட்டி அரக்கர்கள்.

"அண்ணா, நான் அவங்களைத் தூங்க வைக்கிற ஸ்லீப் மந்திரம் போடுறன்."

"தம்பி, உந்தக் கவசத்தோட நீர் ஒரு மந்திரமும் போடேலாது."

"அப்ப கழட்டுறன்."

"கழட்ட அஞ்சு நிமிசம் வேணும்."

ஒரு சுற்றுக்கு ஆறு செக்கன். ஐந்து நிமிடம் என்றால் 50 சுற்று. அந்தச் சண்டை நாலு சுற்றில் முடிந்துவிட்டது. அவர் கையில் பகடையை வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். கவசத்தை எடுத்த நேரமே நான் சொல்லியிருக்க வேண்டும். கதை நடத்துபவர்கள் இதைத் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐந்தாம் பதிப்பின் 2014 விதியிலும் 2024 திருத்தத்திலும் இது ஒன்றுதான்: பயிற்சி இல்லாத கவசத்தோடு மந்திரம் போட முடியாது. உடல்வலு, சுறுசுறுப்பு சார்ந்த எறிதல்களில் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். மந்திரவாதி வகுப்புக்கோ எந்தக் கவசத்திலும் பயிற்சி கிடையாது.

பதிப்புகளைக் கலப்பதும் வழக்கமான பிழை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் தோல் கவசத்தோடு மந்திரம் போட்டால் 10 சதவீதமும், முழுத் தகட்டுக் கவசத்தோடு 35 சதவீதமும் பிசகக்கூடும். அந்தக் கணக்கு இப்போது இல்லை. இதே வகையான இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பிலோ கவசம் மந்திரத்தைத் தடுப்பதேயில்லை. எந்த விதியில் விளையாடுகிறோம் என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது, மேஜ் ஆர்மர் என்ற பாதுகாப்பு மந்திரத்தைச் சண்டை தொடங்கிய பிறகு போடுவது. அது எட்டு மணித்தியாலம் நிற்கும், ஏசியை, அதாவது உங்களை அடிக்க எதிரியின் எறிதல் எட்டவேண்டிய எண்ணை, 13உம் சுறுசுறுப்பின் கூட்டலுமாக ஆக்கும். சுறுசுறுப்பு 14 (கூட்டல் +2) என்றால் 12ஆக இருந்த ஏசி 15 ஆகிறது. இருபதுமுகப் பகடையோடு தாக்குதலுக்கு +4 கூட்டும் கொப்ளின் 20 எறிதலில் 13 தடவை அடித்தது, இப்போது 10 தடவைதான் அடிக்கும். முதல் மட்டத்தில் உங்களிடம் இருப்பதே இரண்டு மந்திர இடங்கள் (இப்படியான மந்திரம் ஒன்று போட ஒன்று செலவாகும்) என்பதால் கை தயங்கும். ஆனால் ஆபத்தான இடத்துக்குள் நுழைய முதலே போடுங்கள். சண்டைக்குள் போட்டால் அந்தச் சுற்றில் உங்கள் முறையும் சேர்ந்து போகும். அதற்கு மேல் தோல் கவசத்தை மாட்டினால் மந்திரம் அந்தக் கணமே முடிந்துவிடும்.

சரி, பயிற்சியை விலைக்கு வாங்கலாம்தானே? ஒரு மட்டத்தை மந்திரவாதிக்குப் பதில் கிளெரிக் என்ற பூசாரி வகுப்பில் எடுத்தால் நடுத்தரக் கவசமும் கேடயமும் வரும். அரைத்தகட்டுக் கவசத்தோடு ஏசி 17, கேடயத்தோடு 19. கொப்ளினுக்கு இனி 20இல் ஆறு தடவைதான். பலரும் இங்கே கணக்கை மூடிவிடுகிறார்கள். விலையை யாரும் எழுதுவதில்லை. நுண்ணறிவோடு ஞானமும் 13 இருக்க வேண்டும். ஒரு மட்டம் கிளெரிக்குக்குப் போனதால், ஐந்தாம் மட்டத்தில் மூன்றாம் நிலை மந்திர இடம் கையில் இருக்கும், அதில் போட ஃபயர்போல் என்ற நெருப்புப்பந்து மந்திரம் இருக்காது. அதற்கு ஆறாம் மட்டம் வரை காத்திருக்க வேண்டும். ஆறேழு போயாவோடு முடிகிற கதையென்றால் நான் இதை எடுக்கமாட்டேன். வருடக்கணக்கில் போகும் கதையென்றால் யோசிக்காமல் எடுப்பேன்.

கேடயம் எடுத்தவர்கள் மறப்பது கையை. ஒரு கையில் கேடயம், மறு கையில் மந்திரக்கோல் என்று வையுங்கள். ஃபயர்போலுக்குப் பொருள் தேவை, அதற்குப் பதிலாகக் கோல் நிற்கும், ஆகவே கோல் பிடித்த கையாலேயே சைகையும் செய்யலாம். ஏசியை +5 கூட்டும் ஷீல்ட் மந்திரத்துக்குச் சொல்லும் சைகையும் மட்டும்தான், பொருள் இல்லை. விதிப்படி அதற்கு வெறுங்கை வேண்டும். இரண்டு கையும் நிரம்பியிருந்தால், உயிர் காக்கும் மந்திரம் மனதில் இருந்தும் போட முடியாது. கோலை இடுப்பில் செருகி ஒரு கையை வெறுமையாக வைத்திருங்கள், அல்லது கை நிரம்பியிருந்தாலும் சைகை செய்யவிடும் வோர் காஸ்டர் திறனை எடுங்கள். சில மேசைகளில் இதைக் கண்டுகொள்வதில்லை, ஆனால் அதை முதல் நாளே பேசித் தீர்ப்பது நல்லது.

ஏசி எல்லாவற்றையும் மறிக்கும் என்று நம்புவதுதான் நான் அதிகம் கவலைப்படும் பிழை. லைட்னிங் போல்ட் என்ற மின்னல் மந்திரம் ஏசியைப் பார்ப்பதில்லை. எட்டு ஆறுமுகப் பகடை சேதம், சராசரி 28. உடல்தாங்குதிறன் 14 உள்ள ஐந்தாம் மட்ட மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி, சராசரிக் கணக்கில், 32. அரைத்தகட்டுக் கவசம் அந்தச் சேதத்தில் ஒன்றைக்கூடக் குறைக்காது. ஒரு தூண் குறைக்கும். பாதி மறைவில் நின்றால் ஏசிக்கு +2, சுறுசுறுப்பால் தப்பும் எறிதலுக்கும் +2. அம்பு விடும் துவாரத்துக்குப் பின்னால் நின்றால் இரண்டுக்கும் +5. பயிற்சி வேண்டாம், கையும் நிரம்பாது. அந்தத் தம்பி இப்போது தன் சிவப்புக் காயைக் கட்டத்தில் வைக்க முதல், "அண்ணா, இந்தத் தூண் எவ்வளவு அகலம்?" என்றுதான் கேட்கிறார்.