ஆணை போட்டு உருவாகாத குழு: அரசில் திட்டம் நடத்துபவர்களை ஒன்று சேர்ப்பது எப்படி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், சுற்றறிக்கை அனுப்பி இதைத் தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். எல்லாத் துறைக்கும் கடிதம், மேலதிகாரி கையெழுத்து, பெரிய அரங்கம், வரவேற்புரை, சிறப்புரை, நாற்பது ஸ்லைடு. அறுபது பேர் வந்தார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள், போனார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு இருபது பேர், அதிலும் பாதிப் பேர் 'சார் அனுப்பினார்' என்று வந்த ஜூனியர்கள். மூன்றாவது கூட்டம் நடக்கவே இல்லை. அடுத்த முறை ஆறே பேரோடு தொடங்கினேன், யாருக்கும் கடிதம் போகவில்லை, போன்தான். அது இன்னும் ஓடுகிறது.

கம்யூனிட்டி ஆஃப் ப்ராக்டிஸ் என்று இதற்குப் பெயர். 'பயிற்சிச் சமூகம்' என்று மொழிபெயர்த்தால் மூன்று நாள் வகுப்பு, கடைசியில் சான்றிதழ் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், அதனால் நான் வெறுமனே குழுமம் என்கிறேன். ஒரே மாதிரி வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கூடி, கையில் இருக்கும் சிக்கலைப் பேசிப் பேசியே வேலையைக் கற்றுக்கொள்வது. 1991-இல் ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் பெயரை வைத்தபோது அவர்கள் பார்த்தது மேலாளர்களை இல்லை, தையற்காரர்கள், மருத்துவச்சிகள், கசாப்புக்காரர்கள் போன்றவர்களை. பாடம் நடத்தாமலே தொழில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகல் இயந்திரம் பழுதுபார்ப்பவர்கள் கூடவே சுற்றிய மானுடவியலாளர் ஜூலியன் ஓரும் இதையேதான் கண்டார். கையேட்டில் இல்லாத பழுதுக்கு வழி, அவர்கள் ஓய்வு நேரத்தில் சொல்லிக்கொண்ட கதைகளில் இருந்தது. நம் பிழைப்பும் அதுதானே? கொள்முதல் விதிகள் புத்தகத்தில் இருக்கின்றன. நிதித்துறையிலிருந்து கோப்பு மூன்றாவது முறை திரும்பி வந்தால் அடுத்த குறிப்பை எப்படி எழுதுவது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை, பக்கத்துத் துறையில் ஒருவருக்குத் தெரியும்.

சரி, யாரைக் கூப்பிடுவது? பதவிப் பெயரைப் பார்க்காதீர்கள், பல அரசுகளில் 'திட்ட மேலாளர்' என்று ஒரு பதவியே கிடையாது. அமெரிக்காவிலேயே 2016 டிசம்பரில் தனியாக ஒரு சட்டம் போட்டுத்தான் இந்த வேலைக்கு என்ன திறன் வேண்டும், பணிவரிசை என்ன என்று வகுக்கச் சொன்னார்கள். அதனால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த வேலை தாமதமானால் மேலிடத்திலிருந்து யாருக்குப் போன் வரும்? அவர் பொறியாளராக இருக்கலாம், மருத்துவராக இருக்கலாம், கணக்குப் பிரிவிலிருந்து வந்தவராக இருக்கலாம், அவர்தான் ஆள். ஒரே துறையிலிருந்து எல்லாரையும் எடுக்காதீர்கள். கட்டடம் கட்டுபவர், மென்பொருள் வாங்குபவர், நலத்திட்டம் நடத்துபவர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் 'எங்கள் துறையில் இப்படித்தான்' என்ற பேச்சு உடையும்.

மேலதிகாரி அறைக்குள் வரக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நல்ல மனிதராகத்தான் இருப்பார், நமக்கு உதவத்தான் வருவார். ஆனால் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது 'என் திட்டம் எட்டு மாதம் பின்னால் கிடக்கிறது, ஏன் என்று எனக்கே தெரியவில்லை' என்று எவன் சொல்வான்? அவரிடம் கேட்க வேண்டியவை வேறு: மாதத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆட்களை விடுவிக்க வாய்மொழி ஒப்புதல், ஒரு அறை, 'அங்கே என்ன பேசினீர்கள்' என்று கேட்கமாட்டேன் என்ற வாக்கு. மூன்றாவதுதான் கஷ்டம். முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் இரண்டாவது கூட்டம். ஒரு பொறியாளர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். பம்புகள் வந்து இறங்கிவிட்டன, அவற்றை வைக்க வேண்டிய கட்டடத்துக்கு இன்னும் அஸ்திவாரமே முடியவில்லை, பெட்டி பிரிக்காமலே வாரண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, ஒப்பந்தத்தில் 'வழங்கிய நாளிலிருந்து' என்று இருக்கிறது. இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் மருத்துவமனைக் கருவிகள் வாங்கும் அம்மா ஒருவர், 'நாங்களும் ஸ்கேன் இயந்திரத்தில் இப்படி மாட்டினோம் சார், அதற்கப்புறம் டெண்டரில் நிறுவி, ஓட்டிக்காட்டி, நாம் ஒப்புக்கொண்ட தேதியிலிருந்துதான் வாரண்டி என்று போடுகிறோம், கடைசித் தவணையையும் அதோடு கட்டிவிடுகிறோம்' என்றார். மறுநாள் அந்த ஒரு பத்தியை அனுப்பியும் வைத்தார். அந்தப் பம்புகளுக்கு அது உதவவில்லை, ஆனால் அடுத்து வந்த மூன்று டெண்டர்களில் அந்தப் பத்தி அப்படியே ஏறியது. குழுமம் பிழைத்தது அந்த நாளில்தான் என்று இன்றும் நினைக்கிறேன், என் முன்னுரையால் இல்லை.

ஆகவே வடிவம் எளிது. ஒரு கூட்டத்துக்கு ஒருவர், ஒரு சிக்கல், பத்து நிமிடம், ஸ்லைடு கிடையாது. அடுத்த பத்து நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம், ஆலோசனை சொல்லக்கூடாது. இதைக் கட்டுப்படுத்துவதுதான் பெரும்பாடு, ஏனென்றால் நம் ஆட்களுக்குக் கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிடும். அதற்கப்புறம் அரைமணி நேரம் பேச்சு, முடிவில் சிக்கலைக் கொண்டுவந்தவர் திங்கட்கிழமை தான் செய்யப்போவது என்ன என்று ஒரு வரி சொல்ல வேண்டும். வெற்றிக்கதைக்கு இங்கே இடம் கொடுக்காதீர்கள், அதற்கு விருது விழாக்கள் இருக்கின்றன. புதிதாகத் திட்டம் தொடங்கப்போகிறவர் வந்தால் உளவியலாளர் கேரி கிளைன் சொன்ன முறையைச் செய்து பாருங்கள்: இரண்டு வருடம் ஆகிவிட்டது, இந்தத் திட்டம் மண்ணைக் கவ்விவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதுவது. 'என்ன ஆபத்து வரலாம்' என்று கேட்டால் மழுப்புகிறவர்கள், 'ஏன் தோற்றது' என்று கேட்டால் பேனாவை வைக்கவே மாட்டார்கள்.

பேசியது வெளியே போகலாம், யார் பேசினார் என்பது போகக்கூடாது. லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற வெளியுறவு ஆய்வு நிறுவனம் 1927-லேயே வகுத்த விதி இது, நமக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. மினிட்ஸ் எழுதாதீர்கள். எழுதிய தாள் என்றைக்காவது தணிக்கைக்கோ தகவல் கேட்டு வரும் மனுவுக்கோ வெளியே போகும் என்று நினைத்துத்தான் எதையும் எழுத வேண்டும், அதனால் யார் தப்பு செய்தார் என்பதை விட்டுவிட்டு என்ன செய்தால் சரியாகும் என்பதை மட்டும் ஒரு பக்கத்துக்குள் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, திறந்திருக்கும் டெண்டர், மதிப்பீட்டில் இருக்கும் விலைப்புள்ளி, இவை பற்றி மூச்சு விடக்கூடாது. ஒப்பந்த நிறுவனங்களையும் ஆலோசனை நிறுவனங்களையும் உள்ளே விடாதீர்கள், 'அரங்கச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார்' என்று நிச்சயம் ஒருவர் வருவார்.

குழுமம் ஆறேழு மாதம் ஓடிவிட்டால் அப்புறம் செய்ய ஒரு வேலை இருக்கிறது, எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. ஒவ்வொருவரும் தாங்கள் முடித்த திட்டங்களின் எண்களை ஒரே எக்செல் தாளில் போடுவது. நிலம் கைக்கு வர எத்தனை மாதம் என்று திட்ட அறிக்கையில் எழுதினோம், எத்தனை ஆனது; டெண்டர் அறிவிப்பிலிருந்து பணி ஆணை வரை எத்தனை நாள், மறு டெண்டர் போனது எத்தனை. இருபது திட்டம் சேர்ந்தாலே போதும், அடுத்த அறிக்கையில் 'மூன்று மாதம்' என்று எழுதக் கை வராது, மேலே கேட்டாலும் காட்டத் தாள் இருக்கும். மதிப்பீட்டில் சறுக்குவது நமக்கு மட்டும் வாய்த்த சாபம் இல்லை, 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்று தொடங்கிய சிட்னி ஓப்பரா ஹவுஸ், 1973-இல் திறந்தபோது 10.2 கோடியைத் தொட்டிருந்தது. ஆனால் தன் துறையின் பழைய எண்களைக்கூடப் பார்க்காமல் சறுக்குவதற்குச் சாக்கு கிடையாது.

வாட்ஸ்அப் குழு வேண்டுமா? வேண்டும், இல்லாமல் முடியாது, ஆனால் காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, அரசாணை பிடிஎஃப் என்று மூன்றே வாரத்தில் நிரம்பிவிடும், கேள்வி கேட்டவர் கேள்வி மேலே போய்விடும். கேள்வியும் பதிலும் தவிர வேறெதுவும் போடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், மீறியவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், குழுவில் வைத்துத் திட்டாதீர்கள்.

நிதியாண்டின் கடைசி இரண்டு மாதம் கூட்டம் வைக்காதீர்கள், யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் போனில்தான் இருப்பார்கள்.

இதற்கெல்லாம் ஒருவர் பொறுப்பு எடுக்க வேண்டும், வாரத்துக்கு அரை நாளாவது ஆகும். அந்த அரை நாளில் பெரும்பங்கு கூட்டத்துக்கு வெளியேதான் போகும்: யாருக்கு என்ன சிக்கல் என்று போனில் விசாரிப்பது, 'இதை அடுத்த முறை கொண்டுவாருங்களேன்' என்று கெஞ்சுவது, ஒருவரின் கேள்வியை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அரசில் இடமாற்றம் எப்போது வேண்டுமானாலும் வரும் என்பதால் பொறுப்பாளர் ஒருவராக இல்லாமல் வெவ்வேறு துறையில் இருவராக இருந்தால் நல்லது, இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஆணை வருவது அபூர்வம். மாற்றலாகிப் போகிறவரைக் குழுவிலிருந்து நீக்காதீர்கள். எங்கள் பழைய பொறியாளர் இப்போது வேறொரு துறையில் இருக்கிறார், அங்கே இருந்து இரண்டு பேரை அவரே கூட்டிவந்தார்.

'இதனால் என்ன பயன்' என்று ஒருநாள் மேலிடம் கேட்கும். வருகை எண்ணிக்கையைக் காட்டினால் அடுத்து எண்ணிக்கையைக் கூட்டச் சொல்வார்கள், மறுபடி அரங்கம், சிறப்புரை. அதற்குப் பதில் அந்த வாரண்டிப் பத்தி மாதிரி நான்கைந்து சங்கதிகளை, எங்கிருந்து எங்கே போனது, எந்தெந்த டெண்டரில் ஏறியது என்று தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதி வைத்த தாள் ஒன்றரைப் பக்கம்தான், கேட்டவர் இரண்டு முறை படித்துவிட்டு, அந்தப் பத்தியைத் தனக்கும் அனுப்பச் சொன்னார்.