பழைய தோட்டக் கட்டடத்தின் பேய்க்கதையை எழுதி வைக்கும் முறை

மூடிக் கிடக்கும் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), ஆளில்லாத துரை (தோட்ட அதிகாரி) பங்களா, கூரை இற்றுப்போன லயம் (தொழிலாளர் வரிசை வீடு) என ஏதேனும் ஒன்று உள்ள இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில், அதைச் சுற்றி ஒரு பேய்க்கதையும் பெரும்பாலும் இருக்கும். அதை எழுத விரும்புபவர் இரவில் கைபேசி வெளிச்சத்தோடு உள்ளே நுழைய வேண்டியதில்லை. கொழுந்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில் லயத்து வாசலில் உட்கார்ந்தால் போதும்.

"பேய் இருப்பது உண்மையா?" என்று மட்டும் தொடங்காதீர்கள். நான் அப்படிக் கேட்ட மாலையில், அதுவரை பேசிக்கொண்டிருந்த அம்மாயி, மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் மடியிலேயே வைத்துவிட்டு, "ஒனக்கு வெளையாட்டா இருக்கு" என்றதோடு நிறுத்திக்கொண்டார். மறுவாரம் சென்று, அங்கே யார் இறந்தது என்று கேட்டேன். பிள்ளைப்பேற்றில் இறந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். பெயர் சொல்லாமல், "அந்தப் புள்ள" என்று மட்டும்.

சொல்பவரின் சொற்களை மாற்றாமல் எழுதுங்கள். முனி என்று சொன்னதைப் பேய் என்று திருத்துவது பெரும் பிழை. ஸ்டோர் இயந்திரங்களைக் காக்கும் ரோதைமுனி மக்கள் கும்பிடும் தெய்வம். மூவர் மூன்று விதமாகச் சொன்னால் மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள்.

அடுத்து, காலத்தைப் பாருங்கள். ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர், கண்டிப் பகுதியின் லூல்கந்துரவில் இலங்கையின் முதல் வணிகத் தேயிலைத் தோட்டத்தைப் போட்டது 1867இல். அதற்கு முந்திய கதையென்றால் அது மலையகத்தில் கோப்பி (காப்பி) பயிரிட்ட காலத்துக் கதை. தமிழகத்திலிருந்து மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்கள், வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்ட காலம் அது. அவர்களில் பலருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பதிவும் இல்லை. இக்கதைகளில் அவர்களுடைய நினைவு தங்கியிருக்கலாம் என்பதாலேயே இவற்றைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்கிறேன்.

கட்டடத்தைப் பகலில், அனுமதியோடு, தோட்டத்து ஆள் ஒருவருடன் பாருங்கள். கொழுந்து வாட்டும் மேல்தட்டுப் பலகைகள் உளுத்திருக்கும். வெயிலில் விரிந்த கூரைத் தகரம் பொழுது சாய்ந்து குளிரும்போது சுருங்கி, ஆள் நடப்பதுபோல் ஒலிக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் கதை சொன்னவரிடம் வாதாடாதீர்கள்.

எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்பதை அடித்துவிடுங்கள். அம்மாயி என்னிடம் அடிக்கச் சொன்னது ஒரே வரி: அந்தப் பெண்ணின் ஊர்.